கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்: ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போகிற வழியில் எங்கள் ஊரைக் கடந்து போகிறவர்கள் ஏராளம். இறங்கித் தங்குகிறவர்கள் குறைவு. தங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தெரிந்தவர்கள் மூலமாகக் கேட்டு அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து இன்றும் அங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன? இரண்டையும் ஏன் சேர்த்தே சொல்கிறீர்கள்?

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 35 கி.மீ. தூரத்தில், பொதிகை மலைக்குக் கீழே இருக்கின்றன. நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, வடகரையில் அம்பாசமுத்திரம். எங்கள் பேச்சில் கல்லிடை, அம்பை. தாலுகா அலுவலகம், நீதிமன்றம், பெரிய கடைத்தெரு எல்லாம் அம்பையில். அக்ரகாரத் தெருக்களும் அப்பளமும் கல்லிடையில். பாலத்தைக் கடந்தால் அடுத்த ஊர் வந்துவிடும். அங்கே படிப்பு, இங்கே வீடு, அங்கே வேலை, இங்கே கோயில் என்று இரண்டு ஊரிலும் கால் வைத்து வாழ்கிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அதனால் பயணியும் இரண்டையும் ஒரே ஊராக எண்ணிக்கொள்வது நல்லது.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரும்பாலோருடைய பயணம் இந்தக் கேள்வியில்தான் கெட்டுப்போகிறது. காலையில் அகஸ்தியர் அருவி, பத்து மணிக்கு மணிமுத்தாறு அருவி, மதியம் அணைக்கட்டு, மாலையில் குற்றாலம் என்று ஒரே நாளில் ஓடிவிட்டு, வண்டியில் இருந்த நேரம்தான் அதிகம் என்று சலித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இங்கே முதலும் முக்கியமுமானது ஆறு. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குத் தண்ணீர் தருவதால் கோடையிலும் முழுக்க வற்றுவதில்லை. வறண்ட மணலாகக் கிடக்கும் ஆறுகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஏப்ரலில்கூட முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர் பாறைகளுக்கு இடையே ஓடுவது பெரிய காட்சி. அதில் தினமும் குளிக்கிற ஊர் இது. காலையில் துண்டும் கையுமாகத் தெருவில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போகிறார்கள், அல்லது ஆற்றிலிருந்து வருகிறார்கள். அவர்களோடு நீங்களும் நடந்தால் ஊரைப் பார்த்ததாகும். அருவிகள் எங்கும் போய்விடாது. ஒரு வேளையை அவற்றுக்கு ஒதுக்கினால் போதும்.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஒரே இரவு என்றால் வராமல் இருப்பதே நல்லது என்பேன். முதல் நாள் இடம் புரிவதற்கே போய்விடும்.

எந்த மாதத்தில் வரலாம்?

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மலையைத் தாண்டி எங்களுக்கு வருவது சாரல். நனைக்காது, முகத்தில் படும், காற்று குளிரும். மலை முகடுகளில் மேகம் இறங்கி நிற்கும். கார் பருவத்து நெல் நடவாகி வயல்கள் பச்சையாக இருக்கும். கால்வாய்களில் தண்ணீர் வந்துவிட்டிருக்கும்.

ஜனவரி, பிப்ரவரியும் நல்ல மாதங்கள்தான். பிசானம் என்னும் அடுத்த போக நெல் முற்றி நிற்கும், பகல் வெயில் உறைக்காது. ஆற்றங்கரைக்கும் குளங்களுக்கும் பறவைகள் வருகிற காலமும் அதுவே. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் அதில் கலந்துகொள்ள முடியும்.

நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஆறு வேறு முகம் காட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் வந்த வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. ஆனால் ஆற்றில் இறங்கியிருக்கும் நேரம்வரை அது உறைக்காது.

எப்படி வருவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. பாபநாசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள் உண்டு. ரயில் நிலையம் இருக்கும் பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணம் பக்கம் இருக்கிறது. எங்கள் பாபநாசத்துக்கு ரயில் கிடையாது. டிக்கெட் பதிவு செய்யும்போது அம்பாசமுத்திரம் அல்லது கல்லிடைக்குறிச்சி என்று தேடுங்கள்.

திருநெல்வேலி வரை எந்த ரயிலில் வந்தாலும், அங்கிருந்து செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயிலில் ஏறலாம். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக நிலையங்கள் வரும். பாலக்காட்டிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸும் இந்தப் பாதையில்தான் ஓடுகிறது. மீட்டர்கேஜாக இருந்த பாதை 2012இல் அகலப் பாதையாயிற்று. கல்லிடையைத் தாண்டியதும் ரயில் பாலத்தில் ஆற்றைக் கடக்கும். ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்காருங்கள்.

பஸ் வேண்டுமானால் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் என்று பலகை போட்ட பஸ்ஸில் ஏறினால் போதும். அடிக்கடி உண்டு.

எங்கே தங்குவது?

அம்பையில் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. சுத்தமான அறை, வாளி, மின்விசிறி. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சொகுசு வேண்டுகிறவர்கள் திருநெல்வேலியில் தங்கிக்கொண்டு வந்துபோகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆற்றின் நல்ல நேரம் விடிகாலை, அந்த நேரத்தில் நீங்கள் திருநெல்வேலியில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அறையை முடிவு செய்வதற்குமுன் அங்கிருந்து படித்துறைக்கு நடந்து போக முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

ஆடி அமாவாசையை ஒட்டி வருவதானால் முன்பே அறை பிடித்துவிட வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து காட்டில் தங்கும் நாட்கள் அவை. சித்திரை விஷுவுக்கும் பாபநாசத்தில் கூட்டம் அதிகம்.

ஆற்றில் எங்கே குளிக்கலாம்? வெளியூர்க்காரர்கள் இறங்கினால் ஊரார் ஏதும் நினைப்பார்களா?

ஒன்றும் நினைக்கமாட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். விசாரிப்பது இங்கே மரியாதை. துருவுவதாக எண்ண வேண்டாம்.

அம்பையில் காசிபநாதர் கோயிலை ஒட்டிய படித்துறை புதியவர்களுக்கு ஏற்றது. எப்போதும் ஆள் இருக்கும், படிகளும் இருக்கின்றன. கல்லிடையில் ஆற்றைவிடக் கால்வாயில் குளிக்கிறவர்களும் நிறையப் பேர். கன்னடியன் கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் அதன் கரையோரப் படிகளில் காலை முழுவதும் துணி துவைக்கும் சத்தம்தான்.

இறங்கும் முறையைச் சொல்கிறேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போங்கள். மாற்றுத் துணியையும் செருப்பையும் மேல் படியில் வையுங்கள். கடைசி இரண்டு படிகளில் பாசி இருக்கும், அங்கே நின்றபடி காலை எடுத்து வைத்தால் வழுக்கும். உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுத் தரையைத் தொட்டபின் எழுந்து நில்லுங்கள். இங்கே முதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள். கால் ஊன்றியதும் சிறிய மீன்கள் வந்து விரல்களைக் கொத்தும். பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் மலையிலிருந்து வருவது, முதல் முழுக்கில் மூச்சு நின்றுபோகும். மூன்றாவது முழுக்கில் வெளியே வர மனம் வராது.

சோப்பு, ஷாம்பு வேண்டாம். உள்ளூர்க்காரர்களே போடுகிறார்களே என்று கேட்பீர்கள். போடுகிறார்கள், அதுவும் தவறுதான். இந்தத் தண்ணீர்தான் கீழே திருநெல்வேலி, தூத்துக்குடி வரை குடிநீராகப் போகிறது. பாக்கெட்டைக் கிழித்துப் படியில் போட்டுவிட்டு வரும் வழக்கத்தை ஒவ்வொருவராக நிறுத்தினால்தான் நிற்கும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை படித்துறைகளில் பெண்கள் கூட்டமே அதிகமாக இருக்கும். பெண்கள் இறங்கும் பக்கம் என்று எழுதப்படாத ஒரு பிரிவு ஒவ்வொரு துறையிலும் உண்டு. அங்கே துவைத்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு அக்காவிடம் கேட்டால் இடம் காட்டுவார், உங்கள் பையையும் பார்த்துக்கொள்வார். இங்கே பெண்கள் புடவையோடோ நைட்டியோடோ பாவாடையை மாரில் கட்டிக்கொண்டோ குளிப்பார்கள். சுடிதார் போதும். உடை மாற்ற எல்லாத் துறைகளிலும் மறைவிடம் கிடையாது, பெரிய துண்டு ஒன்று கொண்டுபோங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஆளில்லாத கரைகளில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். இதை ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், குடிக்க வருகிறவர்கள் அந்த நேரத்தில் கரையைத் தேடி வருகிறார்கள்.

ஆறு ஆபத்தானதா?

தெரியாத இடத்தில் இறங்கினால் ஆபத்தானதுதான். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி தலைக்குமேல் போய்விடும். அணைக்கட்டுகளுக்கு மேலும் கீழும் இழுப்பு அதிகம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் கீழே மட்டம் சட்டென்று ஏறும். மழை நாளில் பாபநாசம் அணையின் நீர்மட்டம் என்ன என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். முழுக் கொள்ளளவு 143 அடி. அதை நெருங்குகிறது என்றால் ஆற்றில் இறங்காதீர்கள்.

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1925இல் பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர் அவர். இந்தப் பக்கத்தை நன்கு அறிந்தவர். அவரைப் போன்ற ஒருவருக்கே அந்தக் கதி என்றால், நீச்சல் குளத்தில் பழகிவிட்டு வருகிற நாம் பாறையிலிருந்து குதித்துப் பார்ப்பது தகாது. ஊரார் இறங்கும் துறையில், ஊரார் இறங்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். சிறுவர்களைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறார்களே?

விடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விடாதீர்கள்.

பாவம் போக்கும் ஊர் என்பது பாபநாசத்தின் பெயரிலேயே இருக்கிறது. பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கி ஆற்றில் முழுகுவது காலங்காலமாக உள்ள வழக்கம். உடுத்திய துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவது பரிகாரம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். படித்துறைக்குக் கீழே நின்று பார்த்தால் தெரியும்: புடவைகள் பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும், வேட்டிகள் மரவேர்களில் தொங்கும், மட்கிப் போகாத செயற்கை நூல் துணி சேற்றுக்குள் படிந்து மேலே மேலே சேரும். தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி டன் கணக்கில் வெளியே எடுக்கிறார்கள், அடுத்த அமாவாசைக்குள் மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. துணியில் கால் சிக்கி மூழ்குகிறவர்கள் உண்டு. அந்தப் படித்துறையில் பொரி போட்டால் கூட்டமாக வரும் மீன்களும், மேலே மலைப்பக்கம் வாழும் நீர்நாய்களும் இருக்கிற ஆறு இது. பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் புதுத் துணி வாங்கி ஏழை ஒருவருக்குக் கொடுங்கள். உங்கள் பழைய துணியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

கோயில்களில் எவற்றைத் தவறவிடக் கூடாது?

நேரம் குறைவாக இருந்தால் ஒன்றே ஒன்று: திருப்புடைமருதூர். அம்பைக்குக் கிழக்கே, கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. ஆட்டோ வைத்துக்கொண்டு காலையில் போய்விடுங்கள். மருத மரங்கள் அடர்ந்த கரை, அகலமான படித்துறை, கூட்டமே இல்லாத பிராகாரம். அதன் ராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளுக்குள்ளும் சுவர் முழுவதும் ஓவியங்கள். தூண்களும் விட்டங்களும் மரச் சிற்பங்களால் நிறைந்தவை. போர்க் காட்சிகள், குதிரைகளை ஏற்றிய கப்பல், புராணக் கதைகள் என்று ஒவ்வொரு நிலையிலும் கண் நிற்கும். எல்லா நேரமும் மேலே விடமாட்டார்கள், அனுமதி வேண்டும். கோயில் அலுவலகத்தில் முறையாகக் கேட்டுப் பாருங்கள். அனுமதி கிடைத்தால் கைவிளக்கு கொண்டுபோங்கள், பிளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். வண்ணம் இவ்வளவு காலம் நின்றிருப்பதே பெரிது.

கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்மக்களே அவற்றைப் பாதுகாத்து வந்ததால் 2005இல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்தபடியாக மன்னார்கோயில். அம்பைக்கு அருகிலேயே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் மூன்று தளங்களில் காட்சி தரும் அஷ்டாங்க விமானக் கோயில். குலசேகராழ்வாரோடு தொடர்புடையது. பக்கத்தில் பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில். எவ்வளவு பெரிய கற்கோயில் இவ்வளவு சின்ன ஊரில் என்று நின்று பார்க்க வைக்கும்.

கல்லிடையில் குலசேகரமுடையார் கோயில் இருக்கிறது. அங்கிருந்த நடராஜர் செப்புத் திருமேனி 1982இல் களவு போனது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருப்பது பல ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டு, 2019இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. ஊரே திரண்டு வரவேற்ற நாள் அது. கல்லிடைக்காரர் யாரிடமும் அந்தக் கதையைக் கேளுங்கள், வேலையை விட்டுவிட்டுச் சொல்வார்.

மதியம் எந்தக் கோயிலும் திறந்திருக்காது. பன்னிரண்டுக்குள் பார்த்து முடியுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல்.

கன்னடியன் கால்வாய் என்று பெயர் எப்படி வந்தது?

தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் ஒன்றிலிருந்து பிரிவது இந்தக் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தமக்குத் தானமாகக் கிடைத்த பொன்னை எல்லாம் செலவழித்து வெட்டியது என்று கதை சொல்வார்கள். சேரன்மகாதேவியில் இதன் கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்துத் தண்ணீர் வராவிட்டால் மிளகை அரைத்து அவர் மேனியில் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்த நீர் கால்வாயில் கலந்தால் மழை வரும் என்பது விவசாயிகளின் நம்பிக்கை. மாலை நேரத்தில் கால்வாய்க் கரையில் நடப்பது எனக்கு ஆற்றங்கரை நடையைவிடப் பிடிக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், மேற்கே முழு மலைத்தொடரும் தெரியும்.

அப்பளம் போடுவதைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அது கண்காட்சி கிடையாது, அவர்கள் பிழைப்பு. வேலை நேரத்தில் போய் வாசலில் நின்று, பார்க்கலாமா அம்மா என்று கேளுங்கள். அனுமதித்தால் உள்ளே போங்கள்.

உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் கரைத்த தண்ணீரை விட்டுக் கெட்டியாகப் பிசைகிறார்கள். பிசைந்ததை எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிப்பார்கள். இடிக்க இடிக்க மாவு இளகி, இழுத்தால் நீளும். அதைக் கயிறு போல உருட்டி, ஒரே அளவாகத் துண்டு போடுகிறார்கள். அளவுகோல் எதுவும் கிடையாது, கைதான் அளவு. பிறகு பலகையில் வைத்துக் குழவியால் தேய்க்கும்போது பாருங்கள்: அப்பளத்தை அவர்கள் சுற்றுவதே இல்லை. குழவியின் அழுத்தத்தில் அதுவே சுற்றிக்கொண்டு வட்டமாக விரியும். ஓரம் நடுவைவிடத் தடித்துவிட்டால் பொரிக்கும்போது சரியாக உப்பாது. வெயிலில் அதிகம் காயவிட்டால் நொறுங்கும். அதனால் லேசான வெயில், பிறகு நிழல். சாரல் மாதங்களில் இவர்களுக்குச் சிரமம் அதிகம், காயாமல் நாள்கணக்கில் நிற்கும். பயணிக்கு நல்ல பருவம் இவர்களுக்குக் கெட்ட பருவம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த இடியும் அந்தக் கையும் இல்லாமல் தண்ணீர் மட்டும் என்ன செய்துவிடும்?

சாப்பாடு?

காலையில் இட்லி, தோசை, பொங்கல் எங்கும் கிடைக்கும். மாலையில் வடை, பஜ்ஜி. இரவில் புரோட்டா, சால்னா. இவை ஹோட்டல் சாப்பாடு. இந்தப் பக்கத்துக்கே உரிய சொதி, இடிசாம்பார், கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி எல்லாம் வீடுகளில்தான். தேங்காய்ப்பாலில் காய்கறி சேர்த்துச் செய்யும் சொதிக்கு இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொள்ள வேண்டும். மெஸ் நடத்துகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் செய்து தருகிறவர்கள் உண்டு. கோடையில் வந்தால் பதநீர், நுங்கு.

மாஞ்சோலைக்குப் போகலாமா?

அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. அம்பையில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போனால், வெறும் தேயிலைத் தோட்டமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் ஒரு தேயிலைக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். இதே தாமிரபரணி. 2024இல் கம்பெனி வேலையை நிறுத்தியதும் மிச்சமிருந்த குடும்பங்களில் பலவும் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் இப்போது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் வாழ்கிறார்கள்.

வயதான பெற்றோரை அழைத்து வரலாமா?

தாராளமாக. அருவிகளுக்கு நடக்கிற வேலைதான் சிரமம். படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ள முழங்கால் வலி தடையில்லை. சொம்பு ஒன்று எடுத்து வாருங்கள்.

திரும்பும் வழியில் எங்கே இறங்கலாம்?

திருநெல்வேலி பக்கம் போகிறவர்கள் காருகுறிச்சியில் மண்பாண்டம் பார்க்கலாம். நாதஸ்வர மேதை அருணாசலம் பிறந்த ஊர் அது. பத்தமடையில் கோரைப்பாய். கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய இழைகளாகக் கீறி நெய்யும் பட்டுப்பாய் துணி போல மடியும். நெசவுக்கு ஆகும் நாட்களைக் கேட்டால் விலை அதிகமாகத் தோன்றாது. நெய்கிறவர்கள் வீட்டிலேயே வாங்குங்கள்.

தென்காசி பக்கம் போகிறவர்களுக்கு ரயிலில் கடையம் வரும். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியை விட்டு வந்தபின் பாரதி சில காலம் அங்கே வாழ்ந்தார்.

படம் எடுக்கலாமா?

மலையை, வயலை, கோபுரத்தை எவ்வளவு வேண்டுமானாலும். படித்துறையில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிப்பவர்களைத் தூரத்திலிருந்து எடுப்பதும் அதே குற்றம்தான்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

அப்பளம்தான். பெட்டியில் அடியில் வைத்தால் உடைந்துவிடும், துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டைப் பிரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றிவிடுங்கள். பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், போட்ட உடனே கரண்டியால் அமுக்கித் திருப்பி எடுத்துவிட வேண்டும். கருகிய அப்பளத்துக்கு எங்கள் ஊர் பொறுப்பாகாது என்று இங்கே கடைக்காரர்கள் சொல்வது உண்மையிலேயே சரி.